பின்கதவு ஸ்பீக்கரை நானே மாற்றிய கதை: முதலில் ஒயரைப் பாருங்கள்

அம்மாவுக்கு எப்போதும் பின்சீட்டின் இடது ஓரம்தான். முன்னால் உட்கார்ந்தால் எதிரே வருகிற லாரியெல்லாம் தன் மடியில் வந்து நிற்பதுபோல இருக்கிறதாம். போன சித்திரையில் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டியதும், "காதுக்குள்ள யாரோ முறுக்கைக் கடிக்கிற மாதிரி இருக்குடி, அதை அணை" என்றார். கொடைக்கானல் வானொலியின் கோடைப் பண்பலையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து கேட்டேன். இடது கதவு ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது. வலது கதவு ஸ்பீக்கர் ஊமை. எத்தனை மாதமாக ஊமையோ தெரியாது. அந்தப் பக்கம் உட்காருகிற என் மகன் காதில் எந்நேரமும் ஹெட்போன்.

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட் எல்டிஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த ரகத்தில் கம்பெனி ஸ்டீரியோ கிடையாது. முதல் சொந்தக்காரர் வெளியே ஸ்டீரியோ செட்டும் நான்கு ஸ்பீக்கரும் போட்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் பின் ஸ்பீக்கர் இரண்டையும் ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அந்த ஐப்பசி மழையில் பின்சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரமாகி வண்டி முழுக்க நாய்க்குட்டி நாற்றம். காரணம் எனக்கு அப்போது புரியவில்லை. இந்த முறை கதவைத் திறந்து பார்த்தபோது புரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். ஓம் விதியை வருடத்துக்கு நான்கு வகுப்புக்கு நடத்துகிற ஆள், ஒரு ஸ்பீக்கரை மாற்றக் கடைக்குப் போய் நிற்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனது. உங்களுக்கும் அவ்வளவுதான் ஆகும், அதில் முக்கால்வாசி நேரம் கதவோடுதான் போகும்.

கடைக்குப் போகும் முன்

சத்தம் வரவில்லை என்றதும் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சத்தம் செட்டில் கிளம்பி, ஒயர் வழியாகக் கதவை ஒட்டிய பாடித் தூணுக்குள் போய், தூணுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைத் தாண்டி, கதவுக்குள் நுழைந்து ஸ்பீக்கருக்குப் போகிறது. இதில் எங்கே வேண்டுமானாலும் அறுந்திருக்கலாம்.

முதலில் செட்டில் ஃபேடரும் (சத்தத்தை முன்பின் பிரிப்பது) பேலன்ஸும் (இடம்வலம் பிரிப்பது) நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். எங்கள் பள்ளி தமிழாசிரியர் வண்டியில் பின் ஸ்பீக்கர் இரண்டும் போய்விட்டது என்று புலம்பினார். அவர் பேரன் ஃபேடரை முழுக்க முன்னால் தள்ளி வைத்திருந்தான்.

அது சரியாக இருந்தால், பாட்டு ஓடும்போது அந்தக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கதவு அசையும்போது விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் குற்றவாளி அந்த ரப்பர் குழாய்க்குள் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை என்று பத்து வருடம் மடங்கி நிமிர்ந்தால் எந்தச் செம்பும் முறியும். வெளி உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். என் வலது கதவின் கதை இதுதான். முதல் சொந்தக்காரர் காலத்தில் இழுத்த மெல்லிய ஒயர்.

அதிலும் தெரியவில்லை என்றால் செட்டை வெளியே இழுத்து, அதன் பின்னால் ஒயர்களைப் பாருங்கள். வெளியே வாங்கிப் போடும் செட்டுகளில் பெரும்பாலும் நிறம் ஒரே வழக்கம்தான்: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ், கோடில்லாதது பிளஸ். செட்டை அணைத்துவிட்டு, ஊதா ஜோடியைச் செட்டிலிருந்து பிரித்து, கதவுக்குப் போகும் முனைகளில் ஒரு பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுத் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் கதவுக்குள் "டொக், டொக்" என்று கேட்கும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஒயரோ ஸ்பீக்கரோ போயிருக்கிறது. "டொக்" கேட்கிறது, ஆனால் பாட்டு வரவில்லை என்றால் கோளாறு செட்டில். புது ஸ்பீக்கர் வாங்கி ஒரு பயனும் இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஸ்பீக்கரின் இரண்டு காதிலும் (ஒயர் மாட்டும் தகட்டு முனைகள்) மீட்டரை வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும். அட்டையில் 4 என்று போட்டிருப்பது மாறுமின்னோட்டத்துக்கான மின்மறுப்பு (இம்பீடன்ஸ்); மீட்டர் காட்டுவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் நேர்மின்தடை, அதனால் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். அப்படியே பாட்டுப் போட்டால் செட்டுக்கும் சேர்த்துக் காரியம் பண்ண வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை வண்டியின் பாடியில் எர்த் கொடுக்கவே கூடாது. விளக்கு, ஹாரன் எல்லாவற்றுக்கும் மைனஸ் பாடியில்தானே இருக்கிறது என்று தோன்றும். இன்றைய செட்டுகளில் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலும் ஆம்ப்ளிஃபயர் எதிரெதிராகத் தள்ளி இழுக்கிறது. ஒன்றைப் பாடியில் தொட்டால் செட்டின் ஐசி போய்விடலாம்.

வாட்ஸ் என்னும் பூசணிக்காய்

இடது ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் கிண்ணம், காகிதம். ஓரம் ஊறி, கிழிந்து, தொட்டால் உதிர்ந்தது. வலது ஸ்பீக்கர் மீட்டரில் உயிரோடுதான் இருந்தது. ஆனாலும் ஜோடியாகத்தான் வாங்கினேன். ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்றால் இரண்டு காதுக்கும் இரண்டு பாட்டு. தவிர, வலதும் அதே காகிதம், அதே வயசு.

கடையில் அட்டைப்பெட்டியின் மேல் 250 வாட், 300 வாட், 350 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. நம் செட்டின் முகப்பிலேயே "50 வாட், நான்கு" என்று இருக்கிறதே, அதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். 14.4 இன் வர்க்கம் 207. அதை 4 ஓமால் வகுத்தால் 52 வாட். ஆக அந்த 50 வாட் என்பது, பேட்டரி வோல்டேஜ் முழுசும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எந்நேரமும் ஸ்பீக்கரில் இருந்தால் வருகிற எண். அப்படி இருந்தால் அது பாட்டு அல்ல, சைரன். சீரான அலைக்கு அதில் பாதி, 26 வாட். ட்ரான்சிஸ்டரிலும் ஒயரிலும் போகிற நஷ்டம் போக 20 வாட் கிடைத்தால் பெரிது. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பின் பெஞ்சுகூட விழித்துக்கொள்கிறது.

எனவே பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) என்று போட்டிருப்பதைப் பாருங்கள். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்களுக்கு 30 முதல் 50 வரை போதும். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, கொடுக்கிற வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு. 90 டெசிபலும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்துக் கிடைப்பதை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே கொடுத்துவிடும். கடைக்காரப் பையன் இதைச் சொல்லமாட்டான், "டீச்சர், இது ஃபோர்-வே" என்பான். ஃபோர்-வே என்றால் பெரிய கோனின் நடுவில் மூன்று குட்டிக் கிண்ணம் ஒட்டியிருக்கும். பின்கதவுக்கு, நடுவில் ஒரே ஒரு குட்டிக் கிண்ணம் உள்ள டூ-வே கோஆக்சியல் தாராளம். கோன் பாலிபுரொப்பிலீன் ஆகவும், ஓரம் ரப்பராகவும் இருக்கட்டும். ஃபோம் ஓரம் நம் ஊர் வெயிலுக்குச் சில வருடத்தில் பொடிந்து போகும். காகிதக் கோன் கதவு ஈரத்துக்கு ஆகாது.

அளவு, ஸ்விஃப்ட்டின் பின்கதவில் ஆறரை அங்குலம். விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது, ஆழமும் பொருந்த வேண்டும். ஆறரை அங்குல ஸ்பீக்கர்களிலேயே 45 மில்லிமீட்டர் ஆழமும் உண்டு, 65 மில்லிமீட்டரும் உண்டு. காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போது அதில் போய் இடிக்கும். அதனால் வாங்கப் போகும் முன் கதவு பேடை (கதவின் உள்பக்க மூடி) ஒருமுறை கழற்றி, பழைய ஸ்பீக்கரை எடுத்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்கேலை வைத்து ஓட்டையின் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதில் 5 மில்லிமீட்டர் கழித்து வருவதுதான் உங்கள் எல்லை. இரண்டு முறை பேடைக் கழற்ற அலுப்பாக இருந்தால், பிளாஸ்டிக் ஸ்பேசர் ரிங் ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிடுங்கள். ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளியே தள்ளி உட்கார வைக்கும்.

நான் வாங்கிய ஜோடி 2,400 ரூபாய். ஸ்பேசர் ரிங், கதவு கிளிப் பத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் குழாய்) எல்லாம் சேர்த்து இன்னும் 400 ரூபாய்க்குள். கிளிப்பை மறக்காதீர்கள். பேடை இழுக்கும்போது பழைய கிளிப் இரண்டாவது உடையும், ஞாயிற்றுக்கிழமை எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் திறந்திருக்காது.

கதவு பேடைக் கழற்றுவது

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள். வெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அதற்கு இன்னொரு காரணம் பின்னால் வருகிறது. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவர், காலாவதியான ஏடிஎம் கார்டு, பழைய பனியன் துணி, இன்சுலேஷன் டேப், பேட்டரிக்கு 10 ஆம் நம்பர் ஸ்பேனர். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். செட்டில் சேமித்த ஸ்டேஷன்கள் அழியலாம், பரவாயில்லை.

என் வண்டியில் பின்கண்ணாடி கையால் சுற்றுவது. பவர் விண்டோ உள்ளவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அப்போது கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கைப்பிடியில் வெளியே ஸ்க்ரூ எதுவும் தெரியாது. ஸ்க்ரூ எங்கே என்று தேடித் தேடி நான் அரைமணி நேரம் வீணாக்கினேன். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டு, குதிரை லாட வடிவத்தில் ஒரு கம்பி ஸ்பிரிங் அதைப் பிடித்திருக்கிறது. பனியன் துணியைக் கயிறு மாதிரி முறுக்கி, கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் வட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையில் விட்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். துணி அந்த ஸ்பிரிங்கின் நுனியில் மாட்டிக்கொண்டு அதைப் பிடுங்கிவிடும்.

பிடுங்கும்போது ஸ்பிரிங் பறக்கும். என்னுடையது பறந்துபோய் பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்தது, மகன்தான் கண்டுபிடித்தான். இன்னொரு கையை மேலே மூடி வைத்துக்கொண்டு இழுங்கள். மறுபடி மாட்டும்போது ஸ்பிரிங்கை முதலில் கைப்பிடியிலேயே செருகிவிட்டு, அப்படியே பல் தண்டில் வைத்துத் தட்டினால் "க்ளிக்" என்று உட்கார்ந்துவிடும்.

இனி ஸ்க்ரூ. கதவைத் திறக்கிற உள் கைப்பிடியின் குழியில் ஒன்று, கதவை இழுத்து மூடுகிற பிடியின் குழியில் ஒன்று இருக்கும். சிலவற்றின் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், தட்டை ஸ்க்ரூடிரைவரில் டேப் சுற்றி நெம்பினால் வந்துவிடும். உங்கள் வண்டியில் மூன்றாவது ஒன்று எங்காவது ஒளிந்திருக்கலாம். பேட் எங்கேயாவது ஓரிடத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தால், பலத்தைக் கூட்டாமல் அந்த இடத்தில் ஸ்க்ரூ தேடுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் வந்ததும், பேடின் கீழ் மூலையில் ஏடிஎம் கார்டை நுழைத்துக் கொஞ்சம் இடைவெளி பண்ணி, விரல்களை உள்ளே விட்டு, கிளிப்புக்கு மிக அருகில் பிடித்துச் சட்டென்று இழுங்கள். "டப்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு முதல் முறை நெஞ்சு பதறும். தயங்கித் தயங்கி இழுத்தால்தான் கிளிப் உடையும். கீழிருந்து இரண்டு பக்கமும் மேலே போய், கடைசியில் பேடை அப்படியே மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி விளிம்பிலிருந்து கழன்று வரும். உடனே தூர இழுத்துவிடாதீர்கள். கைப்பிடியின் கம்பியோ கேபிளோ, பவர் விண்டோ என்றால் சுவிட்சின் கனெக்டரோ பின்னால் கோத்திருக்கும். எட்டிப் பார்த்துக் கழற்றிவிட்டு எடுங்கள். கழற்றிய நிலையில் கதவை முழுக்க மூடாதீர்கள். என் மகன் விளையாட்டாக மூடப் போனான், நல்ல வேளை பிடித்துவிட்டேன். சைல்டு லாக்கோ பூட்டோ மாட்டிக்கொண்டால் பிறகு கதவைத் திறப்பதே ஒரு தனி வேலை.

அந்த பாலிதீன் ஷீட்

பேடுக்குப் பின்னால் கறுப்புப் பிசினில் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று கதவை மூடியிருக்கும். பலர் இதைப் பேக்கிங் கவர் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. இடது கதவில் ஷீட்டின் கீழ்ப் பாதியே இல்லை.

மழை பெய்தால் கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். எல்லா வண்டியிலும் அப்படித்தான். அது உள்ளே வழிந்து, கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தெறிக்கிற தண்ணீர் பேடுக்கும் கார்பெட்டுக்கும் வராமல் தடுத்துத் துளைப் பக்கம் திருப்பிவிடுவது இந்த ஷீட். அது இல்லாத கதவு, ஓடு போன வீடு. மூன்று வருடம் என் மூக்கைத் துளைத்த நாற்றத்துக்குக் காரணம் இதுதான். நான் அதுவரை ஏசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே ஆரம்பிக்கச் சொன்னது இந்தப் பிசினுக்காகத்தான். வெயில் ஏறினால் அது பாகு மாதிரி இழுத்துக்கொண்டு கை, உடை, சீட் எல்லாவற்றிலும் ஒட்டும். குளிர்ச்சியாக இருக்கும்போது மெதுவாக உரித்தால் சுத்தமாக வரும். நூல் நூலாக இழுத்தால் பிளேடால் அறுத்துக்கொண்டே போங்கள். ஸ்பீக்கரைச் சுற்றித் தேவையான மூலையை மட்டும் உரித்தால் போதும், முழுக்க வேண்டாம். பிசின் மேல் தூசி படாமல் பார்த்துக்கொண்டால் திரும்ப அழுத்தும்போது அதுவே ஒட்டிக்கொள்ளும். கையில் பட்டால் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போட்டுத் துடையுங்கள்.

என்னைப்போல ஷீட் இல்லாதவர்கள் ஹார்டுவேர் கடையில் கெட்டியான பாலிதீன் வாங்கி, நல்லபடியாக இருக்கிற எதிர்ப்பக்கக் கதவின் ஷீட்டைப் பார்த்து அளவு எடுத்து வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஒட்டலாம். கீழ் விளிம்பு கதவின் உள்பக்கமாகப் போக வேண்டும், வெளியே தொங்கக் கூடாது. நான் அதைச் செய்தேன். அப்படியே குனிந்து கதவின் அடியில் இருக்கும் துளைகளையும் ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன். கொழகொழவென்று ஒரு கை மண் வந்தது.

மாட்டுவது

பழைய ஸ்பீக்கரை நான்கு ஸ்க்ரூ பிடித்திருந்தது. சில வண்டிகளில் கம்பெனி ஸ்பீக்கரை ரிவிட் அடித்திருப்பார்கள். அதன் தலையை டிரில்லால் எடுக்க வேண்டும், இரும்புத் தூள் கதவுக்குள் விழாமல் அடியில் துணி வையுங்கள். ஒயரை வெட்டுவதற்கு முன் எது பிளஸ், எது மைனஸ் என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், யாரோ எப்போதோ மாற்றிக் கோத்திருக்கலாம். புது ஸ்பீக்கரில் அகலமான காது பிளஸ், குறுகலான காது மைனஸ். சந்தேகம் இருந்தால் மறுபடி அந்தப் பென்சில் பேட்டரி: பிளஸில் பிளஸ் வைத்தால் கோன் வெளியே வரும், மாற்றி வைத்தால் உள்ளே போகும். கண்ணால் பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பழைய கடைக்காரர்கள் இடது பக்கத்தை மாற்றிக் கோத்திருந்தார்கள். ஒரு கோன் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், கனமான ஒலி ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. மூன்று வருடம் இதை நான் "இந்த ஸ்பீக்கரில் பாஸ் இல்லை" என்று நினைத்திருந்தேன்.

இணைப்பை முறுக்கி செல்லோடேப் ஒட்டுவது நாலு மாதம்கூடத் தாங்காது. சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், அல்லது ஒயர் முனையில் மாட்டும் அளவான உலோக லக்கை வைத்து இடுக்கியால் அழுத்துங்கள். ஒயர் ஸ்பீக்கருக்கு வரும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறி வரட்டும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், காதுக்கு வராது. மீதி ஒயர் தகரத்தில் மோதி லொடலொடக்காமல் ஃபோம் சுற்றி டேப் போடுங்கள், கண்ணாடி இறங்கும் பாதையில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

வலது கதவின் அறுந்த ஒயருக்கு, ரப்பர் குழாயை இரண்டு பக்கமும் பிதுக்கி வெளியே எடுத்து, பழைய ஒயரின் முனையில் புது ஒயரைக் கட்டி இழுத்தேன். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். குழாய்க்குள்ளேயே ஒட்டுப் போடாதீர்கள், மடங்குகிற இடத்தில் ஒட்டு நிற்காது. கதவு முழுக்கத் திறந்தாலும் இறுகாத அளவுக்குத் தளர்வு விட்டு எடுங்கள். இந்த ஒரு வேலைக்கே ஒன்றே கால் மணி நேரம் ஆனது. கெட்ட வார்த்தை தெரியாதவர்கள் அதற்குள் கற்றுக்கொள்வார்கள்.

ஸ்பேசருக்கும் தகரத்துக்கும் நடுவில், ஸ்பீக்கருக்கும் ஸ்பேசருக்கும் நடுவில், ஃபோம் டேப் ஒரு சுற்று. இடைவெளி இருந்தால் கோனின் பின்பக்கத்து அலை அதன் வழியாக முன்னால் வந்து பாஸைத் தின்றுவிடும், அது போதாதென்று தகரமும் அதிரும். ஸ்க்ரூவை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே மூலையை முழுக்க முடுக்கினால் ஸ்பீக்கரின் கூடை கோணிக்கொள்ளும், சுருள் காந்தத்தில் உரசும். புது ஸ்பீக்கரே கரகரக்கும். புது ஓட்டை போட வேண்டியிருந்தால் பின்னால் கண்ணாடியின் சட்டமோ ஒயரோ இல்லை என்று கைவிட்டுப் பார்த்த பிறகே டிரில். அப்புறம், கதவு முழுக்க அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டலாமே என்று கடையில் கேட்பார்கள். முன்கதவுக்குச் சரி. பின்கதவுக்கு, ஆம்ப்ளிஃபயர் இல்லாத வண்டிக்கு, அந்தப் பணத்தில் டயரில் காற்றும் வண்டிக்கு டீசலும் போடுங்கள்.

பேடை மூடும் முன்

பேட்டரியை மாட்டி, பேட் இல்லாமலேயே பாட்டைப் போடுங்கள். நான் வைத்தது கோடைப் பண்பலை, 100.5. பாட்டைவிட அறிவிப்பாளர் பேச்சு நல்ல சோதனை. ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டுப் பின்சீட்டின் நடுவில் உட்காருங்கள். குரல் நேர் எதிரே ஒரே இடத்திலிருந்து வந்தால் பிளஸ், மைனஸ் சரி. குரல் மண்டைக்குள்ளேயோ எங்கேயோ சிதறியோ கேட்டால் ஒரு பக்கம் மாறியிருக்கிறது. பேலன்ஸை இடதும் வலதுமாகத் தள்ளி இரண்டும் பேசுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றுங்கள், சுற்றும் கைப்பிடியைத் தண்டில் சும்மா செருகிச் சுற்றினால் போதும். உள்ளே எதுவும் தட்டக் கூடாது. கதவின் உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி, பூட்டு மூன்றும் வேலை செய்கிறதா என்று கதவைத் திறந்த நிலையிலேயே தாழின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிச் சோதியுங்கள்.

எல்லாம் சரி என்றால் ஷீட்டை அழுத்தி ஒட்டி, உடைந்த கிளிப்பை மாற்றி, பேடை முதலில் மேல் விளிம்பில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் அதன் ஓட்டைக்கு நேரே பார்த்து உள்ளங்கையால் தட்டுங்கள். வலது கதவில் ஒரு கிளிப் கோணலாகப் போய், செட்டில் 22 க்கு மேல் சத்தம் வைத்தால் "ர்ர்ர்" என்று பேட் அதிர்ந்தது. அதை மறுபடி கழற்றி மாட்டினேன். இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் முடிந்தது.

செட்டில் கனமான ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் பின் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். இருபது வாட்டில் அதற்குக் கீழே போய் இந்தச் சின்னக் கோன்கள் ஒன்றும் சாதிக்கப் போவதில்லை. ஃபேடரை நடுவிலிருந்து இரண்டு மூன்று புள்ளி முன்னால் தள்ளியிருக்கிறேன். பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும். அம்மாவும் இப்போது அணைக்கச் சொல்வதில்லை. விளம்பரம் வந்தால் மட்டும்.

பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போடவில்லை. கிழிந்த இடதை உரித்துக் காந்தத்தைத் தனியே எடுத்தேன், இரும்புத் தூள் தூவிக் காந்தப் புலம் காட்ட ஆகும். உயிரோடு இருந்த வலதை ஆய்வகத்துக்கு அப்படியே கொண்டுபோய்க் கால்வனோமீட்டரில் இணைத்துவிட்டு, கோனை விரலால் தட்டச் சொன்னேன். முள் இடதும் வலதுமாக ஆடியது. "டீச்சர், ஸ்பீக்கர் மைக்காகவும் வேலை செய்யுமா?" என்று முதல் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள். அன்றைக்குப் பாடத்தை அங்கேயிருந்துதான் ஆரம்பித்தோம்.